டோக்கியோவில் எந்த ஸ்டேஷன் பக்கம் தங்கலாம்?

கேள்வி: ஏப்ரல் 20 முதல் 27 வரை, ஏழு இரவு, டோக்கியோ போகிறோம். நான், கணவர், 9 வயது மகன், 67 வயது அத்தை என நான்கு பேர். அத்தைக்கு முழங்கால் தேய்மானம். சமதளத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நடப்பார், படி இறங்குவதுதான் சிரமம். எல்லோரும் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். காலை எட்டு மணிக்கு நரிதாவில் இறங்குகிறோம். திரும்பும் விமானம் இரவில், ஹானேடாவிலிருந்து. அசகுசா கோயில், ஷிபுயா, ஃபூஜி மலை, டிஸ்னிலேண்ட் எல்லாம் பார்க்க ஆசை. ஷின்ஜுகுதான் வசதி என்கிறார் ஒரு நண்பர். இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாயில் எடுத்தால் சாப்பாட்டுக் கவலை இல்லை என்கிறார் கணவரின் அலுவலகத்தில் ஒருவர். ஹோட்டல் தளத்தில் அசகுசா மலிவாகத் தெரிகிறது. எங்கே அறை போடுவது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நால்வருக்கும் உயேனோ சரியாக இருக்கும். உயேனோ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஜேஆர் (ஜப்பானின் பெரிய ரயில் நிறுவனம்) உயேனோ ஸ்டேஷனிலிருந்து தெற்கே அடுத்த ஸ்டேஷனான ஒகாச்சிமாச்சி வரை, தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கும் பட்டையில் தேடுங்கள். அங்கே உங்களுக்கு ஏற்ற அறை அமையாவிட்டால் நிங்யோச்சோ. இரண்டிலும் கிடைக்காவிட்டால் மட்டும் அசகுசா.

டோக்கியோவில் அறை தேடும் எல்லோரும் "நடு ஊரில் இருக்கிறதா" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த ஊருக்கு ஒற்றை நடு இல்லை. யாமானோதே என்ற வட்ட ரயில் பாதை ஊரைச் சுற்றி 34.5 கிலோமீட்டர் ஓடுகிறது, 30 ஸ்டேஷன்கள், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஷின்ஜுகு, ஷிபுயா, டோக்கியோ ஸ்டேஷன், உயேனோ எல்லாமே இந்த வட்டத்தின் மேல்தான் இருக்கின்றன. வட்டத்தில் எங்கே தங்கினாலும் எதிர்ப்பக்கம் போக அரை மணி நேரம்தான். ஆகவே ரயிலில் உட்காரும் நேரத்தை வைத்துப் பேட்டையைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய லாபம் இல்லை. ரயிலிலிருந்து இறங்கி அறைக்குப் போய்ச் சேரும் தூரமும் படிகளும்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். அதிலும் அத்தையின் முழங்கால் இருக்கும்போது, வேறு எதையும் அதற்கு முன்னால் வைக்கக் கூடாது.

அதனால் ஒவ்வோர் இடத்தையும் மூன்று விஷயத்தில் உரசிப் பாருங்கள். பெட்டிகளோடு விமான நிலையத்திலிருந்து வண்டி மாறாமல் வர முடியுமா? பிளாட்பாரத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி, எத்தனை மீட்டர்? இரவு எட்டு மணிக்குப் பசியோடு திரும்பினால் கீழே சைவமாக ஏதாவது கிடைக்குமா?

ஷின்ஜுகு முதல் கேள்வியில் தேறிவிடும், நரிதாவிலிருந்து நேரடி விரைவு ரயில் உண்டு. ஃபூஜிக்கும் ஹக்கோனே மலைப்பகுதிக்கும் கிளம்ப அதைவிட நல்ல இடம் இல்லை. தினமும் வெளியூர் போகும் இளைஞர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் உலகிலேயே அதிகக் கூட்டம் புழங்கும் ஸ்டேஷன் அது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய முப்பது லட்சம் பயணிகள், 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் வெளியே வந்தால் சரியான பக்கம் போய்ச் சேரப் பத்து, பதினைந்து நிமிடம் நடக்க நேரும், நடுவில் படிகளும் வரும். இதை ஒரு நாள் செய்யலாம். ஏழு நாள், காலையும் மாலையும் செய்தால் நான்காம் நாள் அத்தை "நான் ரூமிலேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்பார். ஷின்ஜுகுவில் மலிவாகத் தெரியும் ஹோட்டல்களில் பல, கபுகிச்சோ என்ற கேளிக்கைப் பகுதியிலோ அதன் வடக்கு ஓரத்திலோ இருக்கும். இரவில் வாசலில் நின்று ஆள் கூப்பிடுபவர்களைத் தாண்டித்தான் மகனை அழைத்துப் போக வேண்டியிருக்கும்.

நிஷிகசாய் பற்றிச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணினி வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் அங்கே குடியேறின. தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மளிகைக் கடை, இந்திய உணவகம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அது குடியிருப்புப் பகுதி. அங்கிருந்து நடு ஊருக்கு வரும் தோசாய் லைன், காலை நெரிசலுக்கு டோக்கியோவிலேயே பேர்போனது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் உச்ச நேர நெரிசல் கொள்ளளவில் ஏறத்தாழ 200 விழுக்காட்டைத் தொட்ட பாதை. நடு ஊரில் இருக்கும் நிஹோன்பாஷிக்குக் கால் மணி நேரம்தான், ஆனால் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் ஏறினால் அத்தைக்கு நிற்கவே இடம் கிடைக்காது. அங்கே தங்க வேண்டாம். ஒரு மாலை போய்ச் சாப்பிட்டுவிட்டு, பொடியும் ஊறுகாயும் வாங்கி வந்தால் போதும்.

அசகுசாவுக்கு வருவோம். சென்சோஜி கோயில் அங்கேதான், தெருக்கள் சமதளம், ஆற்றங்கரை இருக்கிறது, இரவில் அமைதி. இரவுக் கேளிக்கைக்குப் போகாத குடும்பத்துக்குப் பொருத்தமான பேட்டைதான். இரண்டு குறைகள். யாமானோதே வட்டத்துக்கு வெளியே இருப்பதால் பல இடங்களுக்கு ஒரு வண்டி கூடுதலாக மாற வேண்டும், கடைகளும் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். ஹோட்டல் தளத்தில் பார்க்கும்போது ஒரு பொறி வேறு இருக்கிறது. அசகுசா என்ற பெயரில் ஒரே ஸ்டேஷன் இல்லை. கின்ஸா லைன், அசகுசா லைன், தோபு ரயில்வே ஆகிய மூன்றும் ஆற்றோரமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சுகுபா எக்ஸ்பிரஸ் என்ற நான்காவது பாதையின் அசகுசா ஸ்டேஷன் மட்டும் மேற்கே அரைக் கிலோமீட்டருக்கும் தள்ளி இருக்கிறது. "அசகுசா ஸ்டேஷன் 2 நிமிடம்" என்று போட்டிருந்தால் எந்த அசகுசா என்று வரைபடத்தில் பாருங்கள்.

மலிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அசகுசாவுக்கு வடக்கே மினாமிசென்ஜு, மினோவா பக்கம் இருக்கும் சிறிய விடுதிகளும் அசகுசா என்றோ உயேனோ என்றோ தலைப்பிட்டு வருகின்றன. ஒருகாலத்தில் தினக்கூலித் தொழிலாளர்கள் தங்கிய விடுதிகள் அவை. பயப்பட ஒன்றுமில்லை. அறை மிகச் சிறியது, குளியலறை பெரும்பாலும் பொது, தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். தரையிலிருந்து எழுவது அத்தைக்கு ஆகாது. இதே காரணத்தால் பாய் விரித்த ஜப்பானிய அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு வேண்டாம்.

இனி உயேனோ. நரிதாவிலிருந்து கெய்செய் நிறுவனத்தின் ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் கெய்செய் உயேனோவில் கொண்டுவந்து விடும். இருக்கை எண் போட்ட டிக்கெட், பெட்டி வைக்கத் தனி இடம். எல்லாவற்றையும்விட முக்கியம், அதுதான் கடைசி ஸ்டேஷன். இரவு முழுக்க விமானத்தில் வந்த நான்கு பேர், நான்கு பெட்டிகளை அவசரமில்லாமல் இறக்கலாம். அதற்கு முந்தைய நிப்போரியில் இறங்கி மாறினால் வேகம் என்று செயலி காட்டும், கேட்காதீர்கள். ஒரு குழப்பத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கெய்செய் உயேனோவும் ஜேஆர் உயேனோவும் வேறு வேறு கட்டடங்கள், நடுவில் சில நிமிட நடை.

உயேனோவில் உங்களுக்குப் பயன்படும் சுரங்க ரயில்கள் இரண்டு, கின்ஸா லைனும் ஹிபியா லைனும். கின்ஸா லைன் 1927-இல் அசகுசாவுக்கும் உயேனோவுக்கும் இடையே திறந்தது, ஆசியாவின் முதல் சுரங்க ரயில். பழைய பாதை என்பதால் தெருவை மேலிருந்து வெட்டிப் போட்டார்கள், பிளாட்பாரம் ஆழம் குறைவு. பின்னால் வந்த பாதைகள் முன்னால் போட்டவற்றுக்கும் கீழே போக வேண்டியிருந்தது. ஓஎதோ லைனில் ரொப்போங்கி ஸ்டேஷன் தரைக்கு 42 மீட்டர் கீழே கிடக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு இதை ஒரு விதியாகவே சொல்லலாம். கின்ஸா, மருனோஉச்சி போன்ற பழைய லைன்களின் பக்கம் அறை எடுங்கள், ஓஎதோ, ஃபுகுதோஷின் போன்ற புதிய லைன்களை மட்டும் நம்பிய ஹோட்டலை விடுங்கள். உயேனோ பகுதியிலும் ஓஎதோ லைனுக்கு உயேனோ-ஒகாச்சிமாச்சி என்றொரு ஸ்டேஷன் உண்டு. வரைபடத்தில் ஹோட்டல் அதற்கு மட்டும் பக்கமாக இருந்தால் ஏமாறாதீர்கள்.

சாப்பாட்டுக்கும் இந்தப் பக்கம்தான் நல்லது. ஒகாச்சிமாச்சி, டோக்கியோவின் நகை மொத்த வியாபாரப் பேட்டை. ரத்தினக் கல் வியாபாரத்துக்கு வந்த ஜைன வியாபாரிகள் பல ஆண்டுகளாக அங்கே கடை வைத்திருக்கிறார்கள். அவர்களை ஒட்டி இந்தியச் சைவச் சமையலும் வந்துவிட்டது. தென்னிந்தியச் சாப்பாடு போடும் கடைகளும் நடை தூரத்தில் உண்டு. நிஷிகசாயில் தேடியது ஸ்டேஷன் வாசலிலேயே கிடைக்கும்போது அவ்வளவு தூரம் போவானேன்?

உயேனோவிலும் தவிர்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. வடக்கே அடுத்த ஸ்டேஷன் உகுயிசுதானி. தளங்களில் "உயேனோ, 1 ஸ்டேஷன்" என்று நல்ல படங்களோடு குறைந்த வாடகைக்கு வரும். மணிக்கணக்கில் ஜோடிகளுக்கு அறை விடும் ஹோட்டல்கள் நெருக்கமாக இருக்கும் இடம் அது, குடும்பத்தோடு வேண்டாம். ஒகாச்சிமாச்சிக்கு மேற்கே யுஷிமா பக்கம் போகும் நகாச்சோ தெரு பகலில் சாதாரணம், இரவில் மதுக்கூடங்களுக்கு ஆள் பிடிப்பவர்கள் நிற்பார்கள். அதனால்தான் தண்டவாளத்துக்குக் கிழக்கே என்றேன். ஷோவா சாலையைத் தாண்டினால் ஹிகாஷி உயேனோ, அலுவலகங்களும் சிறு ஹோட்டல்களுமாக இரவில் அடங்கிவிடும். மேம்பாலத்தில் ரயில் அதிகாலையிலேயே ஓடத் தொடங்கும். தண்டவாளம் பார்த்த அறை வேண்டாம் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

நிங்யோச்சோவை மாற்று ஏற்பாடாகச் சொன்னதற்குக் காரணம், ஹிபியா லைனும் அசகுசா லைனும் அங்கே சந்திக்கின்றன. அசகுசா லைன் இரண்டு விமான நிலையங்களோடும் நேராக இணைந்த பாதை, நரிதாவிலிருந்தும் ஹானேடாவிலிருந்தும் வண்டி மாறாமல் வரலாம். சில விரைவு வண்டிகள் நிங்யோச்சோவில் நிற்காது, ஏறும் முன் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியும் சாதாரண ரயில்தான், பெட்டிக்குத் தனி இடம் கிடையாது. பழைய கடைத்தெரு, அமைதியான பேட்டை, அசகுசா நான்காவது ஸ்டேஷன். உயேனோவைவிட அழகு என்றே சொல்வேன், ஆனால் சைவச் சாப்பாடு கீழேயே கிடைக்காது.

பேட்டை முடிவானதும் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது "5 நிமிட நடை" என்ற வரியைச் சரியாகப் படிக்க வேண்டும். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு நிமிடம் என்றால் 80 மீட்டர். ஹோட்டல்களும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன. 5 நிமிடம் என்றால் 400 மீட்டர். சிக்னலில் நிற்கும் நேரம் அதில் சேராது. தூரத்தை அளப்பது ஹோட்டலுக்கு மிக அருகில் இருக்கும் வாசலிலிருந்து. அந்த வாசலில் வெறும் படிக்கட்டு மட்டும் இருக்கலாம். லிஃப்ட் உள்ள வாசல் சாலைக்கு மறுபக்கம், இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கலாம். டோக்கியோவின் ஏறக்குறைய எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் வழி உண்டு, ஆனால் பல இடங்களில் ஒரே ஒரு வழிதான். முன்பதிவு செய்யும் முன், கூகுள் வரைபடத்தில் சக்கர நாற்காலி வழி என்ற தேர்வைப் போட்டு, ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்கு வழி கேளுங்கள். அந்த வழி காட்டும் நேரம்தான் அத்தையின் நேரம். விளம்பரத்தில் 3 நிமிடம், லிஃப்ட் வழியில் 9 நிமிடம் என்று வந்தால் விளம்பரத்தில் 6 நிமிடம் இருக்கும் வேறு ஹோட்டல் மேலாக இருக்கக்கூடும். நான்கு ஹோட்டலுக்கு இதைச் செய்து பார்க்கக் கால் மணி நேரம் ஆகும், ஏழு நாள் வலி மிச்சம்.

அறையைப் பற்றி நம் ஊர் நினைப்பில் போகாதீர்கள். டோக்கியோ பிசினஸ் ஹோட்டலில் இரண்டு பேர் அறை 12 முதல் 15 சதுர மீட்டர்தான். இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைக்கத் தரை இருக்காது. செமி டபுள் என்று போட்டால் கட்டிலின் அகலம் 120 சென்டிமீட்டர், இரண்டு பெரியவர்கள் படுக்க முடியாது. மூன்று கட்டில் அறை அரிது. உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ட்வின் அறை (தனித்தனியாக இரண்டு கட்டில்) இரண்டு, ஒரே மாடியில், ஒன்றில் அத்தையும் மகனும். இன்னொன்று, மிமாரு போன்ற குடும்ப அடுக்ககப் பாணி ஹோட்டல், நான்கு கட்டில், சின்னச் சமையலறை, சாப்பாட்டு மேசை. ஏழு இரவு, சைவம், பெரியவர் ஒருவர் என்று சேர்த்துப் பார்த்தால் இரண்டாவதற்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் தகும். காலையில் சாதம், தயிர், ரசப்பொடி என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

எந்த அறையானாலும் குளியலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வழக்கமான ஹோட்டல்களில் கழிப்பறை, வாஷ்பேசின், தொட்டி மூன்றும் ஒரே வார்ப்பாக இருக்கும். அதன் வாசலிலேயே ஒரு சாண் உயரத்துக்குப் படி. ஷவரில் குளிக்கத் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். ஈரக் காலோடு திரும்ப வெளியே வருவதுதான் ஆபத்து. தொட்டிக்கு வெளியே நின்று குளிக்கும் தனிக் குளியலறை, அல்லது தடையற்ற அறை இருக்கிறதா என்று ஹோட்டலுக்கே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வரும். அந்தக் கடிதத்திலேயே நான்கு விஷயங்களையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்: 9 வயதுக் குழந்தைக்குத் தனிக் கட்டணம் உண்டா, புகை பிடிக்காத அறைதானா, கைப்பிடி உள்ள குளியலறை உண்டா, காலை பத்து மணிக்குப் பெட்டியை விட்டுவிட்டுப் போகலாமா. விலையைப் பார்க்கும்போதும் கவனம், ஜப்பானியத் தளங்களில் அறைக்கு அல்ல, ஆளுக்கு விலை போடும் வழக்கம் உண்டு.

தனியார் வீட்டு வாடகை மலிவாகக் கிடைத்தால் பதிவு எண்ணைப் பாருங்கள். 2018 ஜூனில் வந்த சட்டப்படி வீட்டை ஆண்டுக்கு 180 நாளுக்கு மேல் இப்படி விட முடியாது, பதிவும் கட்டாயம். டோக்கியோ வீட்டின் எண் எம் என்ற எழுத்தில் தொடங்கி அடுத்து 13 என்று வரும். ஹோட்டல் உரிமம் பெற்ற வீடுகளுக்கு வேறு எண் இருக்கும். எந்த எண்ணும் இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

சமையலறை இருக்கிறதே என்று இங்கிருந்து எலக்ட்ரிக் குக்கரைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் 230 வோல்ட் குக்கர் சூடேறாது. பிளக்கும் தட்டையான இரட்டைக் கம்பி. அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன், அடிப்பாகம் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேலை செய்யும். பழம், காய், பச்சைக் கறிவேப்பிலை எதையும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். பொடிகள், காய்ச்சிய புளிக்குழம்பு விழுது, அப்பளம் போதும். 200 கிராம் வெள்ளைச் சாதப் பாக்கெட் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். இனிப்பில்லாத தயிர் 400 கிராம் டப்பாவில் வரும்.

வெளியே சாப்பிடும்போது கண்ணுக்குத் தெரியாத மீன்தான் பிரச்சினை. மிசோ சூப், உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், காய்கறிக் கூட்டு எல்லாவற்றின் அடிச்சாறும் தாஷி, கத்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவிப் போட்டது. "இறைச்சி வேண்டாம்" என்றால் அது நீங்காது. இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி நான்கும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளே, கெய்யோ லைன் பக்கம், டீஸ் தந்தான் என்ற முழுத் தாவர ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை உண்டு. மகன் ராமென் கேட்டால் அங்கே போகலாம்.

முதல் நாள் பற்றி. எட்டுக்கு இறங்கினால் குடியேற்றச் சோதனை, பெட்டி, ரயில் முடிந்து ஹோட்டலை அடைய பதினொன்று ஆகும். அறை திறப்பது பிற்பகல் மூன்றுக்கு. இதை யாரும் யோசிப்பதில்லை, தூங்காத பெரியவரை நான்கு மணி நேரம் தெருவில் நடத்துகிறார்கள். கட்டணம் கட்டினால் முன்கூட்டி அறை தருவார்களா என்று கேட்டு வைக்கவும். இல்லாவிட்டால் உயேனோ பூங்கா இருக்கிறது. பூங்கா மேட்டின் மேல் இருப்பதால் தெற்கிலிருந்து போனால் படி ஏற வேண்டும். ஜேஆர் ஸ்டேஷனின் பூங்கா வாசல் வழியாக வெளியே வந்தால் சாலையைக் கடக்காமல் சமமாகவே உள்ளே போகலாம். 1882-இல் திறந்த விலங்குக் காட்சிசாலை மகனுக்கு, மர நிழலில் பெஞ்சு அத்தைக்கு. அன்று வேறு எதுவும் வைக்காதீர்கள்.

அசகுசாவுக்குக் கின்ஸா லைனில் மூன்றாவது ஸ்டேஷன், ஐந்து நிமிடம். அதே லைனின் மறுகோடிதான் ஷிபுயா, மாறாமல் அரை மணி நேரத்துக்குள் போகலாம். ஷிபுயா பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் என்பதால் அங்கே சுரங்க ரயில் மூன்றாவது மாடியில் போய் நிற்கும், வியப்படைய வேண்டாம். பல ஆண்டுகளாகக் கட்டுமான வேலை நடக்கிற ஸ்டேஷன், வழிகள் மாறும். ஹாச்சிகோ வாசல் என்ற பலகையை மட்டும் பின்தொடருங்கள்.

டிஸ்னிலேண்டுக்கு எல்லோரும் டோக்கியோ ஸ்டேஷனில் மாறச் சொல்வார்கள். அங்கே கெய்யோ லைன் பிளாட்பாரம் மற்றவற்றிலிருந்து பத்து நிமிடத்துக்கும் மேல் நடக்க வேண்டிய தூரத்தில் கிடக்கிறது. நீங்கள் ஒகாச்சிமாச்சியை ஒட்டிய நகாஒகாச்சிமாச்சி ஸ்டேஷனில் ஹிபியா லைன் ஏறி ஐந்தாவது ஸ்டேஷனான ஹாச்சோபோரியில் இறங்குங்கள். அங்கே கெய்யோ லைனுக்கு மாறும் நடை மிகக் குறைவு. இறங்க வேண்டிய இடம் மைஹாமா. அத்தை அன்று முழு நாளும் வர வேண்டுமா என்பதை முன்பே பேசிவிடுங்கள். ஹோட்டல் பக்கத்தில் பூங்காவும் கடைத்தெருவும் இருப்பதால் அவர் ஓய்வெடுக்க விரும்பினாலும் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை, இதற்காகவும்தான் உயேனோ.

ஃபூஜிக்காக ஷின்ஜுகு போக வேண்டியதில்லை. கவாகுச்சிகோ ஏரிக்கு டோக்கியோ ஸ்டேஷனின் யாஎசு பக்கத்திலிருந்தும் பஸ் உண்டு, சுமார் இரண்டு மணி நேரம். உயேனோவிலிருந்து டோக்கியோ ஸ்டேஷன் யாமானோதேயில் எட்டு நிமிடம். சனி, ஞாயிறு வேண்டாம், திரும்பும்போது நெடுஞ்சாலை அடைத்துக்கொள்ளும். வானிலை தெளிவாக இருக்கும் நாளை இரண்டு நாள் முன்னால் பார்த்து டிக்கெட் எடுங்கள், மேகம் மூடினால் மலை இருக்கும் திசைகூடத் தெரியாது. உங்கள் தேதியை நீட்டிக்க நினைத்தால் ஏப்ரல் 29-ஐத் தாண்டாதீர்கள். அன்று தொடங்கும் தொடர் விடுமுறையில் அறை விலையும் கூட்டமும் ஏறிவிடும்.

டிக்கெட்டுக்கு, டோக்கியோ மெட்ரோ, தோஎய் என்ற இரண்டு சுரங்க ரயில் நிறுவனங்களின் 9 லைன், 4 லைன் இரண்டையும் சேர்த்து 24, 48, 72 மணி நேரச் சுரங்க ரயில் சீட்டு உண்டு. முதல் முறை கேட்டில் போட்ட நிமிடத்திலிருந்து கணக்கு. ஸ்கைலைனரோடு சேர்த்தும் விற்கிறார்கள். கின்ஸா, ஹிபியா இரண்டும் இதில் அடக்கம், யாமானோதே அடங்காது. அதற்கு ஆளுக்கொரு சுய்கா அல்லது பாஸ்மோ என்ற பணம் ஏற்றும் கார்டு வேண்டும், ஒரே கார்டை இருவர் காட்ட முடியாது. 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். மகனின் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சிறுவர் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குள் ரயில்கள் நின்றுவிடும், மறுபடி ஐந்து மணியளவில்தான். அத்தை களைத்துவிட்டால் எந்த நேரமானாலும் டாக்ஸி எடுக்கத் தயங்காதீர்கள். முதல் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 யென், இரவு பத்துக்கு மேல் 20 விழுக்காடு கூடுதல். அசகுசாவிலிருந்து உயேனோ போன்ற குறுகிய தூரத்துக்கு நான்கு பேருக்குப் பகிர்ந்தால் பெரிய செலவில்லை. கதவை நீங்கள் திறக்க வேண்டாம், தானே திறக்கும். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் இல்லை, முகவரி என்பது வட்டாரம், கட்டம், கட்டட எண். ஹோட்டல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஜப்பானிய எழுத்தில் உள்ள சீட்டாக வரவேற்பறையில் வாங்கி, ஒன்றை அத்தையின் கைப்பையிலும் ஒன்றை மகனின் சட்டைப் பையிலும் வையுங்கள்.

கடைசி நாள் பெட்டிகள்தான் தொல்லை. நான்கு பேரும் நான்கு பெட்டிகளும் ஒரு டாக்ஸியில் அடங்காது. தக்யூபின் என்ற வீட்டுக்கு வீடு பெட்டி அனுப்பும் சேவை, கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட வண்டி, ஹோட்டல் வரவேற்பறையிலேயே எடுத்துக்கொண்டு ஹானேடா கவுண்டரில் சேர்த்துவிடும். முந்தின நாளே கொடுத்தால் போதுமா, இரண்டு நாள் முன்பே தர வேண்டுமா என்பதை ஹோட்டலுக்குப் போனதுமே கேளுங்கள். மருந்தும் ஒரு மாற்றுத் துணியும் கையில் இருக்கட்டும். அன்று பகலில் வெறும் கையோடு சுற்றிவிட்டு, அலுவலகம் விடும் ஐந்தரை மணிக்கு முன்னால் உயேனோவிலிருந்து ஹமாமாட்சுச்சோ போய், அங்கிருந்து மோனோரயிலில் ஹானேடா மூன்றாம் முனையத்தில் இறங்கிக்கொள்ளலாம்.